அழுத்தத்தைத் தாங்குவது எது?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை 1958-ல் உருவானது. காமராஜர் முதல்வர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம். சிறு முதலாளிகளுக்கு ஷெட் கிடைத்தது, சாலை கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. கையில் தொழில் இருந்தவன் ஒரு லேத்தை வாங்கிப் போட்டுப் பிழைத்துக்கொண்டான். அப்படி ஒரு ஷெட்டின் டூல்ரூமில்தான் என் உழைக்கும் வயது முழுக்கக் கழிந்தது. ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக வெளியே வந்தவன் நான். இன்று அந்தத் தெருக்கள் பலவற்றில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. என் பேரன் அப்படி ஒரு கட்டடத்தில்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வேலை இருக்கிற இடத்துக்குத்தான் பிள்ளைகள் போவார்கள்.

அவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன காபி மெஷின் ஒன்றை இவன் வாங்கி வந்தான். இத்தாலியில் செய்தது, நன்றாகப் புழங்கியது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது, தட்டினால் காபி கொட்டும் பொத்தானும் கிடையாது. ஒரு பாய்லர், அதன் பக்கத்தில் ஒரு சிலிண்டர், உள்ளே ஒரு பிஸ்டன், மேலே நீளமான ஒரு லிவர். அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் ‘இது எதுக்கு?’ என்று பார்த்தார்கள். எனக்கோ அதைப் பார்த்ததும் தொழிற்பேட்டைக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது.

நம் ஊரில் எக்ஸ்பிரஸோ காபி என்றால் கல்யாண வரவேற்பில் சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். புஸ்ஸென்று ஆவியை விட்டுப் பாலை நுரைக்கவைத்து, அதில் இன்ஸ்டன்ட் தூளைக் கலக்குவார்கள். நல்ல பானம்தான், நானும் இரண்டாவது கப் கேட்டு வாங்குகிறவன். ஆனால் அங்கே ஆவி பாலுக்குத்தான் வேலை செய்கிறது. காபித்தூளின் மேல் எந்த அழுத்தமும் விழுவதில்லை. மிலான் நகரில் லூயிஜி பெஸ்ஸேரா 1901-ல் காப்புரிமை கேட்ட இயந்திரம் ஆவியின் பலத்தாலேயே தண்ணீரைத் தூளுக்குள் தள்ளியது. ஒன்றரைக் கிலோ அழுத்தத்தைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். அதே மிலானில் காபிக் கடை நடத்திய அக்கீலே காஜ்ஜியா 1947 வாக்கில் ஆவியை நம்புவதை விட்டுவிட்டு, ஸ்பிரிங்கும் லிவரும் வைத்துப் பிஸ்டனால் தண்ணீரை அழுத்தினார். அழுத்தம் எட்டு, ஒன்பது கிலோவுக்கு ஏறியது. காபியின் மேல் பொன்னிறமாக ஓர் ஆடை படிந்தது. அழுக்கு நுரை என்று முதலில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்களாம். பிறகு அந்த ஆடை இல்லாவிட்டால் காபியே இல்லை என்று ஆகிவிட்டது. 1961-ல் ஃபேமா நிறுவனத்தின் ஈ61 மோட்டார் பம்போடு வந்தபின் கடைகளில் கை ஓய்ந்தது. வீடுகளுக்கான சிறிய லிவர் மெஷின்கள் மட்டும் தங்கிவிட்டன. பேரன் கொண்டுவந்ததில் ஸ்பிரிங்கும் கிடையாது. அழுத்துவது முழுக்க மனிதன் கை.

அதன் கணக்கைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். பிஸ்டனின் விட்டம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். பரப்பு 20 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோ என்றால் பிஸ்டனின் தலையில் மொத்தம் 180 கிலோ ஏறவேண்டும். லிவரின் நீளம் அதை ஒன்பதில் ஒரு பங்காக்கித் தருகிறது. ஆக, கையில் விழுவது 20 கிலோ. வாரத்தில் நாலு நாள் ஜிம்முக்குப் போகிற பையனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வாங்கிய வாரத்திலேயே, “தாத்தா, லிவர் இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு கையாலயும் அழுத்திட்டேன், அசையல” என்று வந்து நின்றான்.

“லிவரைத் தொடாதடா. தூளைக் காட்டு.”

மாவு மாதிரி அரைத்து வைத்திருந்தான். பதினைந்து கிராம் தூளை அப்படி அரைத்துக் கெட்டித்துவிட்டால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்? மறுநாள் ரவை மாதிரி அரைத்தான். லிவர் சோர்ந்துபோன கை மாதிரி தொப்பென்று விழுந்தது, கப்பில் கலர் தண்ணீர். இரண்டு நாளும் அவன் திட்டியது லிவரை. கனம் தெரிகிற இடம் கைப்பிடி, கனம் பிறக்கிற இடம் அரைக்கிற மெஷின். டூல்ரூமுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: வேலைத்துண்டில் கோடு விழுந்தால் உடனே துண்டைத் திட்டாதே, டூல் எப்படி நிற்கிறது, போல்ட் இறுகியிருக்கிறதா என்று பின்னால் பார்த்துக்கொண்டே போ.

அரைப்பைச் சரிசெய்ய அவனுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தூளின் எடையை மாற்றினால் அரைப்பைத் தொடாதே. அரைப்பை மாற்றினால் எடை அப்படியே இருக்கட்டும். லிவரைத் தூக்கி எட்டு, பத்து விநாடி நிறுத்தித் தூள் ஊற விடு. பிறகு சீராக அழுத்து. அங்கிருந்து அரை நிமிடத்துக்குள் முப்பது மில்லி காபி நூல் மாதிரி இறங்கினால் அந்த அரைப்பைக் குறித்து வைத்துக்கொள். மழைக்காலம் வந்தால் குறிப்பு பொய்யாகும், மறுபடி பார். இன்னொன்று, சிக்கரி கலந்த தூளை இந்தப் பக்கமே கொண்டுவராதே. நம் ஃபில்டருக்கு அழகு சேர்க்கிற சிக்கரி, இங்கே நனைந்து பிசுபிசுத்து வழியை அடைத்துவிடும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கிற சமாச்சாரம். எனக்கு அந்த மெஷினில் மிகவும் பிடித்த விஷயம் வேறு.

சுவிட்சைப் போட்டதும் பாய்லர் சூடேறத் தொடங்கும். சில நிமிடங்களில் கேஜ் முள் எழும்பும். அரைக் கிலோ, முக்கால் கிலோ. பார்க்கிறவனுக்குத் தயார் என்று தோன்றும். லிவரைத் தூக்கினால் வருவது வெதுவெதுப்பான தண்ணீர், காபி புளிக்கும். காரணம், அந்த அழுத்தம் ஆவியின் அழுத்தம் இல்லை. தண்ணீருக்கு மேலே பாய்லரில் அடைபட்டிருந்த காற்று சூட்டில் விரிந்து முள்ளைத் தள்ளுகிறது. காற்றும் ஆவியும் சேர்ந்து ஒரு கிலோ காட்டலாம். ஆனால் தண்ணீரின் சூடு ஆவியின் பங்கைப் பொறுத்துத்தான் இருக்கும். ஆவிக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிடவேண்டும். சீறல் முதலில் உலர்ந்து வரும், பிறகு வெள்ளை ஆவி அடர்த்தியாக வரும். மூடினால் முள் விழுந்திருக்கும். மறுபடி அது ஏறும்போதுதான் உண்மையான அழுத்தம். அப்போது ஒரு கிலோ என்றால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து என் மனைவி, “குக்கர்ல ஆவி நல்லா வந்த பிறகுதான் வெயிட் போடணும்னு நான் சொன்னா, என்ன அவசரம்னு கேப்பீங்களே” என்றாள். அதே விஞ்ஞானம்தான், அதே ஒரு கிலோதான். காற்றை வெளியேற்றாமல் வெயிட்டைப் போட்டால் விசில் வரும், பருப்பு வேகாது. எந்தப் பாலிடெக்னிக்கும் போகாமல் நம் பெண்கள் இதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வயசானவன் கண்ணுக்கு இந்தப் பொய் அழுத்தம் வெளியேயும் தெரிகிறது. பேரன் ஒரு நாள் இரவு வந்து, மேனேஜர் எழுதிய ஒற்றை வரிக்காக வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். முகம் சிவந்திருந்தது, முள் உச்சியில் நின்றது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “சாப்பிட்டுட்டு நடந்துட்டு வருவோம்” என்றேன். ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டி நடக்கும்போது அவன் பேசினான், நான் கேட்டேன். ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது பேச்சில் காற்றெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஒரு நியாயமான குறை: இவன் செய்த வேலைக்கு இன்னொருவன் பெயர் போடப்பட்டிருந்தது. அந்தக் குறைக்குச் சூடு இருந்தது. மறுநாள் நேரில் போய் அதை மட்டும் கேட்டான். வேலையை விடவில்லை. சிலர் கோபமே கூடாது என்று உபதேசிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சூடு இல்லாமல் எந்தப் பாய்லரும் ஓடாது. காற்று எவ்வளவு, ஆவி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

இனி சீல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் லிவர் கீழே ஓய்வில் இருக்கும்போதே தலைப்பகுதியிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ‘லூஸாகியிருக்கும், டைட் பண்ணலாம்’ என்று ஸ்பேனரை எடுத்தான் பேரன். கசிவு என்றாலே இறுக்குவது என்பது நம் ஊர் வியாதி. குழாய் ஒழுகினாலும் இறுக்குவோம், பிள்ளை பேச்சு கேட்காவிட்டாலும் இறுக்குவோம். ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, மின்சாரத்தைப் பிடுங்கி, முள் பூஜ்யத்துக்கு வந்து உடம்பு ஆறும்வரை காத்திருந்து, பிஸ்டனை வெளியே எடுத்தோம்.

அந்தப் பிஸ்டனில் ரப்பர் சீல் இரண்டு இருந்தன, உதடு வைத்தவை. மேல் சீலின் உதடு மேலே பார்க்கும், கீழ் சீலின் உதடு கீழே பார்க்கும். மேலே இருப்பது பாய்லரின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கீழே இருப்பது, நாம் காபியின் மேல் போடும் ஒன்பது கிலோவைத் தாங்குகிறது. அழுத்தம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் உதடு திறந்திருக்கவேண்டும்; அப்போது அந்த அழுத்தமே உதட்டை விரித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கும். திருப்பிப் போட்டால் எவ்வளவு புது ரப்பராக இருந்தாலும் ஒழுகும். எது ஒழுகுகிறது என்பதை மெஷினே சொல்லிவிடும்: லிவர் ஓய்வில் இருக்கும்போது சொட்டினால் மேல் சீல், அழுத்தும்போது பிடிப்பில்லாமல் இறங்கிக் காபி குறைவாக வந்தால் கீழ் சீல், தண்டு வெளியே வருகிற இடத்தில் கசிந்தால் அங்கே உள்ள சின்ன சீல்.

எடுத்துப் பார்த்தால் மேல் சீல் கல்லாகியிருந்தது. விரலால் மடித்தால் மடியவில்லை, விளிம்பு பொடிந்தது. சிலிண்டரின் உட்சுவரை டார்ச் அடித்துக் காட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. “பாத்தியா, இது தேஞ்சதாலதான் அது தேயல” என்றேன்.

இயந்திரம் கட்டுகிறவர்களின் பழைய தருமம் இது. ஷாஃப்ட் எஃகில் இருக்கும், அதைச் சுற்றி இருக்கும் புஷ் வெண்கலத்தில் இருக்கும். உராய்ந்தால் புஷ்தான் தேயவேண்டும், ஷாஃப்ட் தேயக்கூடாது. இரண்டு உலோகத்துக்கு நடுவே ரப்பர். மலிவானது, மெத்தென்று இருப்பது, மாற்றக்கூடியது எதுவோ அது தேய்ந்து மற்றதைக் காப்பாற்றும். ஆனால் அந்தத் தருமத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு: தேய்கிறதை நேரத்தோடு மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால், கல்லான ரப்பர் எந்தச் சுவரைக் காக்க வந்ததோ அதே சுவரைக் கீறத் தொடங்கும்.

எங்கள் ஷெட்டில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். முதலாளியின் கோபம் அவரைத் தாண்டி எங்களிடம் வராது, எங்கள் முணுமுணுப்பு அவரைத் தாண்டி மேலே போகாது. இரண்டு பக்கமும் ‘தங்கமான மனுஷன்’ என்றோம். அவர் ஒருமுறை உடம்பு முடியாமல் நீண்ட லீவில் போனார். அந்த முதல் வாரத்திலேயே முதலாளியும் நாங்களும் நேருக்கு நேர் கத்திக்கொண்டோம். அப்போதுதான் இத்தனை வருஷமாக நடுவில் எவ்வளவு இருந்திருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. அவர் திரும்பி வந்தபோது பழைய மனுஷராக இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் கடுகடுத்தார். ‘ஆளே மாறிட்டாரு’ என்று குறைப்பட்டவர்கள், அவரைத் தங்கம் என்று சொன்ன அதே ஆட்கள்தான்.

வீடுகளிலும் அப்படி ஓர் ஆள் உண்டு. பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் மூத்த மருமகள், எங்காவது ஒரு வீட்டில் கல்யாணம் ஆகாத அத்தை. ‘அவங்க விட்டுக்கொடுத்துப் போறதாலதான் குடும்பம் ஓடுது’ என்று கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. விட்டுக்கொடுப்பது குணம் என்று சொல்லி ஒரே ஆளை முப்பது வருஷம் அதே இடத்தில் போட்டு வைப்பது, சீலை மாற்றாமல் மெஷினை ஓட்டுகிறவன் வேலை. அவர்களுக்குப் புகழ் வேண்டாம், மாற்று ஆள் வேண்டும். அண்ணன் தம்பி சண்டையில் ஒருமுறையாவது அம்மாவை நடுவில் இழுக்காமல் நேரில் பேசித் தீர்த்துக்கொண்டால் அது போதும்.

சீலை மாற்றும்போது தடவுகிற கிரீஸ் உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸாக இருக்கவேண்டும். பைக் கிரீஸும் வாஸ்லினும் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும். உதட்டில் மெல்லிசாகத் தடவினால் போதும். லிவரின் கவையில் உள்ள பின்னும் தேய்ந்திருந்தது. பின்னில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் கைப்பிடி முனையில் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டமாகத் தெரியும். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் தெரிந்த லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் கம்பியில் புதுப் பின் கடைந்து, சர்க்ளிப்புக்குக் காடியும் போட்டுக் கொடுத்தார்கள். டர்னர் பையன் காசு வாங்க மறுத்து, ஒரு கப் காபி போதும் என்றான். வந்து குடித்துவிட்டு, “கசக்குது ஐயா, சர்க்கரை இருக்கா?” என்று கேட்டான்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரன் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் ஹீட்டரில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். இரண்டையும் கலந்துதான் நான் ஊற்றுகிறேன். படிந்துவிட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு இருபது, முப்பது கிராம் கரைத்து, சூடாக்கி, அரை மணி நேரம் ஊறவைத்துப் பலமுறை அலசினால் போகும். பித்தளையிலும் செம்பிலும் ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது.

தொடர்ந்து மூன்று, நான்கு கப் போட்டால் தலைப்பகுதி சுட்டுப்போய் காபி கருகிக் கசக்கும். ஈரத்துணி சுற்றி ஆறவைக்கலாம். ஆறு விருந்தாளிகள் வந்திருந்தால் அந்த வேலையே வேண்டாம், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிவிடுங்கள். இந்த மெஷின் ஒருவர், இருவருக்கானது. எல்லாரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முயல்வதில்லை என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை.

கடைசியாக ஆபத்தான இடம். காபி இறங்கி முடிந்த உடனே கீழே உள்ள கைப்பிடிக் கிண்ணத்தைத் திருகினால், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் சுடுதண்ணீரையும் தூளையும் தும்மல் மாதிரி முகத்தில் தெறிக்கவிடும். பாய்லர் மூடியும் அப்படித்தான்; முள் பூஜ்யத்தில் நின்றாலும் ஒருமுறை ஆவிக் குழாயைத் திறந்து பார்த்த பிறகே மூடியில் கை வைக்கவேண்டும். பேரன் இப்போது கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு கப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறான். குடித்து முடிக்கும்போது உள்ளேயும் அடங்கியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, நண்பர் வீட்டிலோ இப்படி ஒரு மெஷின் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் அதில் செத்திருப்பது இரண்டு ரப்பர் வளையம் மட்டும்தான். பழைய சீலைக் கழற்றி, தூக்கிப் போடாமல், அது எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கையோடு பாரிமுனைப் பக்கம் ஆயில் சீல் கடைக்குக் கொண்டுபோங்கள். கொதிநீர் தாங்கும், உணவுக்கு உகந்த ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். அளவு கிடைக்காவிட்டால் மெஷின் கம்பெனியின் உதிரிப்பாகத்தை வரவழையுங்கள். பின் கடைய வேண்டியிருந்தால் தொழிற்பேட்டைப் பக்கம் வாருங்கள். சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டறைகளுக்கு லீவு.